யாரும் தொடக்கூடாத தொட்டி

கௌதமா,

போன் பண்ணாதேன்னு சொன்னே. வராதேன்னு சொன்னே. எழுதாதேன்னு சொல்லலை. அந்தச் சந்து ஒண்ணுதான் பாக்கி, அதுல புகுந்து உட்கார்ந்திருக்கேன். சிரிப்பு வந்தா சிரி, கோபம் வந்தா கிழிச்சுப் போடு. ஆனா கிழிக்கிறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சுடு. நீ ஹெப்பகோடிக்குப் போய் இன்னையோட பத்தொன்பது நாள். நாள் எண்ணாதீங்கன்னு உங்க அம்மா சொல்றா. எண்ணாம இருக்க நான் என்ன கல்லா? காலையில பல் விளக்கும்போதே வாய் தானா எண்ணிடுது. உன் கட்டிலை டெம்போவுல ஏத்தும்போது நானும் ஒரு காலைப் பிடிச்சேன். "நீ விடுப்பா, இடுப்பு பிடிச்சுக்கும்"னு சொன்னே. கடைசியா நீ என்கிட்ட முகம் பார்த்துப் பேசினது அதுதான். அதை வச்சுத்தான் இத்தனை நாள் ஓட்டிட்டு இருக்கேன்.

உன் உடம்புல உங்க அம்மா கொடுத்த கிட்னி ஓடிட்டு இருக்கு. அது நிக்கணும்னா நீ ரெண்டு வேளையும் மாத்திரை போடணும். அந்த மாத்திரை உன் எதிர்ப்பு சக்தியைத் தட்டி உட்கார வச்சிருக்கு. அதனால மத்தவனுக்கு வர்ற சாதாரணக் காய்ச்சல் உனக்குச் சாதாரணம் இல்லை. இதெல்லாம் உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. நீ தனியா இருக்கே, உனக்குக் காய்ச்சல் வந்தா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நீ போயிருக்கே. இந்த இடத்துலதான் நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஏன் முழிக்கிறேன்னு சொல்லணும்னா பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு வேலையைச் சொல்லணும். அதை உங்க அம்மாவுக்குக் கூட நான் சொன்னதில்லை.

சுமா மேடத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு லீவுல உன்னை எங்க காலேஜ் லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன், அவங்க உனக்கு மைக்ராஸ்கோப்புல மட்டியோட, அதான் அந்த ஏரிச் சிப்பியோட, ரத்தத்தைக் காட்டினாங்க. "அப்பா, அது கையை நீட்டி நடக்குதுப்பா"ன்னு கத்தினே. அவங்கதான். மைசூர்ப் பக்கத்துப் பொண்ணு, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாங்க. நான் அங்கே அட்டெண்டர், அதுவும் அப்போ டெம்பரவரி. ஏரி மட்டி கொண்டு வர்றது, தொட்டி கழுவுறது, தண்ணி மாத்துறது எல்லாம் என் வேலை. ஆனேக்கல் பக்கத்துல ஒரு ஏரியில இறங்கி, சேத்துக்குள்ள காலாலேயே துழாவி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தான். ஈரச் சாக்குல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வருவேன். "ஏனிது வாசனே?"ன்னு கண்டக்டர் மூக்கைப் பிடிப்பான். காலேஜ் ஆராய்ச்சின்னு சொன்னா என்னவோ பெரிய மனுஷனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். கார்ப்பரேஷன் தண்ணியை அப்படியே ஊத்தினா அதுங்க செத்துடும். டிரம்முல ரெண்டு நாள் வச்சு, மருந்து வாடை போனதுக்கு அப்புறம்தான் ஊத்தணும். பச்சைப் பாசித் தண்ணி அளந்து ஊத்தணும். உனக்குப் பால் ஆத்தினதை விட பொறுமையா அதுங்களுக்கு ஊத்தினேன்னு உங்க அம்மா சொல்லுவா, அது நெசம்தான்.

சுமா மேடத்தோட ஆராய்ச்சி என்னன்னு எனக்கு அவங்களே உட்கார வச்சுச் சொன்னாங்க. எத்தனை பேர் ஒரு அட்டெண்டருக்குச் சொல்லுவாங்க? "அண்ணா, நமக்குப் பயம் வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதில்ல, அப்போ நரம்புல இருந்து ஒரு சாறு ரத்தத்துல இறங்குது. இந்த மட்டிக்கும் அதே மாதிரி சாறு இருக்கு. மூளைன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது, நரம்பு முடிச்சு கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். ஆனா போட்டு ஆட்டினா அதுக்கும் அந்தச் சாறு இறங்குது. அது இறங்கினா ரத்தத்துல கிருமியைப் பிடிச்சு முழுங்குற அணு இருக்கே, அது மந்தமாயிடுது. அப்படித்தான் நான் நினைக்கிறேன். அதை நிரூபிக்கணும்." அவ்வளவுதான் விஷயம். பயந்த மட்டிக்கு எதிர்ப்பு சக்தி இறங்குதா இல்லையா. அதுக்கு ரெண்டு தொட்டி. ஒரு தொட்டியில இருக்கிற மட்டியை கால் மணி நேரம் தட்டுல வச்சு ஆட்டணும். இன்னொரு தொட்டியைச் சும்மா விடணும். அப்புறம் ரெண்டுலயும் ஊசியால ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதுல ஈஸ்ட் கலந்து, எத்தனை அணு ஈஸ்ட்டை முழுங்கியிருக்குன்னு மைக்ராஸ்கோப்புல எண்ணணும். சும்மா விட்டதுல நிறைய முழுங்கியிருக்கணும், ஆட்டினதுல குறைச்சலா இருக்கணும். "இந்தத் தொட்டியை யாரும் முட்டபாரது அண்ணா, யாருமே தொடக்கூடாது. ஆயித்தா?"ன்னாங்க. ஆயித்தும்மா, சரின்னேன்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? தினம் காலையில அவங்க வர்றதுக்கு முன்னாடி அந்தச் சும்மா விட்ட தொட்டி மட்டியை ஒண்ணொண்ணா பென்சில் பின்பக்கத்தால தட்டிப் பார்த்தேன். ஏன்னா செத்த மட்டியும் வாயைத் திறந்துட்டுத்தான் கிடக்கும், உசிரோட இருக்கிறதும் வாயைக் கொஞ்சம் திறந்துட்டுத்தான் இருக்கும். தட்டினா உசிர் உள்ளது டப்புன்னு மூடிக்கும், செத்தது மூடாது. மார்க்கெட்டுல வாங்குறவங்க கூட அப்படித்தான் பார்ப்பாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மட்டி செத்து, தண்ணி நாறி, ஒரு தொட்டியே போயிடுச்சு. பெரிய சார் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டார். அதுல இருந்து எனக்கு அந்தப் பயம். என் கையில இருக்கிற எதுவும் எனக்குத் தெரியாம சாகக்கூடாது. மேடம் யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னது எனக்கு மறக்கலை. யாரும்னா வெளியாள்னு எடுத்துக்கிட்டேன். ஸ்டூடன்ட்ஸ் தொடக்கூடாது, கூட்டுற அம்மா தொடக்கூடாது. நான் தொட்டிக்காரன் ஆச்சே, நான் எப்படி யாரோவா இருப்பேன்? இப்போ நினைச்சா சுவத்துல முட்டிக்கணும் போல இருக்கு.

ஒண்ணரை வருஷம் அந்தப் பொண்ணு எண்ணினாங்க. ரெண்டு தொட்டிக்கும் வித்தியாசமே வரலை. ரெண்டுலயும் அணு மந்தமாத்தான் இருந்துச்சு. எப்படி வரும், அவங்க ஒரு தொட்டியை ஆட்டினா நான் இன்னொரு தொட்டியைத் தட்டிட்டு இருக்கேன். அவங்க தண்ணியை மாத்திப் பார்த்தாங்க, தீனியை மாத்திப் பார்த்தாங்க, ஏரியையே மாத்திப் பார்த்தாங்க. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் டீ வாங்கி வந்து வச்சு, "சாப்பிடும்மா, எல்லாம் சரியாப் போகும்"னு ஆறுதல் வேற சொல்லுவேன். தொண்ணூத்தொண்ணு டிசம்பர்ல காவிரித் தண்ணி கலாட்டா வந்துச்சே, அதுவரைக்கும் இப்படித்தான் ஓடுச்சு.

அந்த நாளெல்லாம் உனக்கு நல்லா ஞாபகம் இருக்கும். மர்பி டவுன்ல கதவைச் சாத்திட்டு நாம மூணு பேரும் உள்ளேயே கிடந்தோம். எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மா சுவத்துக்கு மேலே கையை நீட்டி பால் கொடுத்தாங்க. எட்டு நாள் நான் வேலைக்குப் போகலை. ஊரே பத்திக்கிட்டு எரியுது, எனக்கு மட்டி செத்துடுமேன்னு கவலை. "உங்க புள்ளை இங்கே இருக்கான், அதைப் பாருங்க"ன்னு உங்க அம்மா திட்டினா. ஒன்பதாம் நாள் ஓட்டமும் நடையுமா போனேன். போன உடனே முதல் வேலையா பென்சிலை எடுத்து எல்லாத்தையும் தட்டினேன். எல்லாம் டப்பு டப்புன்னு மூடிச்சு, ஒண்ணு கூட சாகலை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அப்புறம் சுமா மேடம் ஒரு பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. "பந்து அண்ணா, பந்து! ரிசல்ட் வந்துடுச்சு!" முந்தின நாள் அவங்க தனியா ரத்தம் எடுத்திருக்காங்க. சும்மா விட்ட தொட்டியில அணுவெல்லாம் வயிறு முட்ட முழுங்கியிருக்கு. ஒண்ணரை வருஷத்துல முதல் தடவை. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி. "இன்னைக்கு இன்னொரு தடவை எடுக்கலாம்"னு எடுத்தாங்க. மறுபடியும் மந்தம். "நேத்து வந்தது இன்னைக்கு எங்கே அண்ணா போச்சு?"ன்னு கேட்டாங்க. நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்னு ஒவ்வொண்ணா சொல்லிப் பார்த்தாங்க. தண்ணி, வெயில், ஊசி, பாட்டில், எல்லாம் சொன்னாங்க. என்னை மட்டும் சொல்லலை. நான்தான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். என் சட்டைப் பையில பென்சில் இருந்துச்சு.

அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கௌதமா, நான் சொல்லலை. தட்டுறதை மட்டும் நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் வித்தியாசம் தினம் வந்துச்சு, அவங்க நினைச்ச மாதிரியே வந்துச்சு. நானும் பாவத்தைக் கழுவிட்டோம்னு நிம்மதியா இருந்தேன். ஆனா அவங்களோட கைடு பெரிய சார் பேப்பரெல்லாம் பார்த்துட்டு, "ஒண்ணரை வருஷம் வராதது டிசம்பர்ல இருந்து எப்படி வந்துச்சு? என்ன மாத்தினே?"ன்னு கேட்டார். அவங்க எதுவும் மாத்தலைன்னாங்க. "எதுவும் மாத்தாம ரிசல்ட் மாறுச்சுன்னா நீ எண்ணினதை மாத்தியிருக்கேன்னு அர்த்தம்"னு சொல்லிட்டார். நான் பக்கத்து ஸிங்க்ல கண்ணாடி கழுவிட்டு இருக்கேன். அவங்க என் பக்கம் திரும்பி, "அண்ணா, டிசம்பருக்கு அப்புறம் தொட்டியில நீங்க ஏதாவது மாத்தினீங்களா, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. கெஞ்சுற மாதிரி கேட்டாங்க. நான் குழாயைக் கூட மூடலை. "இல்லம்மா, தண்ணிதான் ஏதாவது மாறியிருக்கும்"னேன். அடுத்த மாசம் அவங்க போயிட்டாங்க. பட்டம் வாங்கலை. பெட்டியை நான்தான் ஆட்டோவுல வச்சேன். "வரேன் அண்ணா, உங்களை மறக்க மாட்டேன்"னாங்க. அதுக்கப்புறம் அவங்க எங்கே இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

ஏன் சொல்லலைன்னு நீ கேப்பே. அந்த வருஷம்தான் என்னை பர்மனென்ட் பண்ற பேச்சு நடந்துட்டு இருந்துச்சு. கலாட்டா முடிஞ்ச சூட்டுல, தமிழ்க்கார அட்டெண்டர் கெடுத்துட்டான்னு ஒரு பேச்சு கிளம்பிடுமோன்னும் நினைச்சேன். ஆனா அதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்ட சாக்கு. அந்தப் பொண்ணு அப்படிப் பேசுற ஆளே இல்லை. எனக்கு பயம்டா, வேற ஒண்ணும் இல்லை. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தெரியலை, ஆனா அப்பன் வாய் சும்மா இருக்காது. தப்பு பண்ணினா அன்னைக்கே சொல்லிடு கௌதமா. மறுநாள் சொல்றது ரொம்பக் கஷ்டம். ஒரு மாசம் போயிடுச்சுன்னா அதை யாராவது வந்து வாய்க்குள்ள கையை விட்டுத்தான் எடுக்கணும்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். உனக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொன்ன அன்னைக்கு நான் சட்டையைக் கழட்டிட்டு என் கிட்னியை எடுத்துக்குங்கன்னு நின்னேன். ரத்த குரூப் சேரலை. அப்பனா பொறந்து என்ன பிரயோஜனம் சொல்லு. ஒரு வருஷம் வாரத்துக்கு மூணு நாள் உன்னை டயாலிசிஸ் மெஷின்ல போட்டு வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன், அதைத்தான் என்னால பண்ண முடிஞ்சுச்சு. உங்க அம்மா கொடுத்தா. "என்கிட்ட ரெண்டு வீடு இருக்கு, ஒண்ணைப் புள்ளைக்கு வாடகைக்கு விட்டுட்டேன்"னு ஆஸ்பத்திரியில நர்ஸுங்ககிட்ட சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சா, எனக்குத்தான் ரெண்டு பேரையும் உள்ளே தள்ளிட்டுப் போனப்போ கை வைக்க ஒரு இடம் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் நம்மளை உட்கார வச்சு மாத்திரையெல்லாம் விளக்கினார். "இந்த ஸ்டீராய்டு வெளியில இருந்து வந்த அதிசயம் ஒண்ணும் இல்லை. உடம்புக்கு ஆபத்து வரும்போது அதுவே ஒரு ஹார்மோன் சுரக்கும். அது மாதிரி ஒண்ணைத்தான் கூடுதலா தர்றோம். ரத்தத்துல இருக்கிற அணுக்களை இது அடக்கி வைக்கும். அப்போதான் அம்மா கிட்னியை அந்நியன்னு நினைச்சு அடிக்காது. ஆனா கிருமி வந்தாலும் அடிக்காது, அதனால ஜாக்கிரதை. கொஞ்ச நாள் யாரையும் பக்கத்துல விடாதீங்க." நீ பாட்டுக்குத் தலையாட்டிட்டு இருந்தே. நான் அவர் வாயையே பார்த்துட்டு இருந்தேன். ரத்தத்துல ஒரு சாறு இறங்குது, அணு மந்தமாகுது. இதை எனக்கு ஒருத்தங்க ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த ரூம்ல இருந்த மத்தவங்களை விட எனக்கு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சு என்ன? வீட்டுக்கு வந்த உடனே மறுபடியும் அதே வேலையைத்தான் ஆரம்பிச்சேன்.

ஒரு நாளைக்கு நாலு தடவை தெர்மாமீட்டர். மூத்திரத்தை ஜாடியில அளந்து நோட்டுல எழுதினேன். லேப்ல போடுற மாதிரி கிராஃப் பேப்பர்ல கோடு போட்டு உன் கதவுக்குப் பின்னாடி ஒட்டினேன். நீ தூங்கிட்டு இருந்தா மூக்குக்கிட்ட கையை வச்சுப் பார்த்தேன். நீ தும்மினா சமையலறையில இருந்து ஓடி வந்தேன். "என்னடா, சூடா இருக்கா? வலிக்குதா? முகம் ஏன் வாடியிருக்கு?" "ஒண்ணும் இல்லைப்பா." "ஒண்ணும் இல்லைன்னா ஏன் படுத்திருக்கே?" "படுக்கணும் போல இருந்துச்சு, படுத்தேன்." "ஏன் படுக்கணும் போல இருந்துச்சு?" ஒரு நாள் நீ கும்பிட்டே என்னை. நெசமாவே கையெடுத்துக் கும்பிட்டே. "அப்பா, நான் உசிரோடதான் இருக்கேன். கொஞ்சம் விடுப்பா." உங்க அம்மா, "வயித்தைக் கிழிச்சு கிட்னி கொடுத்தவ நானே சும்மா இருக்கேன், உங்க கை ஏங்க சும்மா இருக்க மாட்டேங்குது?"ன்னு கேட்டா. நான் அவகிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். என் புள்ளை, நான் பார்க்காம யார் பார்ப்பான்னேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். ரெண்டு நாள் உனக்குக் காய்ச்சல் இருந்திருக்கு, என் நோட்டுல தொண்ணூத்தெட்டுக்கு மேலே ஏறவே இல்லை. நான் தெர்மாமீட்டர் எடுத்துட்டு வர்ற நேரத்தைக் கணக்கு பண்ணி நீ அதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் போட்டுட்டு இருந்திருக்கே. மூணாம் நாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்த அம்மா கையில அந்த மாத்திரை அட்டை கிடைச்சுது. அவ என்னைக் கூப்பிடலை, கத்தலை, நேரா ஆட்டோ பிடிச்சு உன்னைக் கூட்டிட்டுப் போனா. மூத்திரத்துல கிருமி, ரத்தத்துக்கும் ஏறியிருக்குன்னாங்க. பத்து நாள் படுத்தே. கிட்னி தப்பிச்சுது, ஆனா முன்ன மாதிரி இல்லை, கொஞ்சம் வேலை குறைஞ்சுதான் போச்சு, போனது திரும்ப வராதுன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் உன்கிட்ட கோபமா, "படிச்சவன்தானே நீ, முதல் நாளே ஏன் சொல்லலை?"ன்னு கேட்டார். நீ மெதுவா சொன்னே, "சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும் சார்." நான் ஸ்க்ரீனுக்கு இந்தப் பக்கம் இளநி வச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன். உனக்கு இது தெரியாது. அப்படியே வெளியே போய் படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன்.

என் தொல்லையாலதான் காய்ச்சல் வந்துச்சுன்னு நான் சொல்லலை. டாக்டர்கிட்ட தனியாப் போய்க் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லைங்க, கிருமி வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, உங்களைப் போட்டு வதைச்சுக்காதீங்க"ன்னார். மட்டி வேற, மனுஷன் வேற, அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். நான் கெடுத்தது வேற. உன்னைச் சொல்ல முடியாதபடி ஆக்கிட்டேன். தட்டினா மட்டி மூடிக்கும். மூடினதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன், உசிரோட இருக்குன்னு. உள்ளே அது என்ன பாடு படுதுன்னு மூடின ஓட்டைப் பார்த்து யாருக்கும் தெரியாது. என் நோட்டுல தொண்ணூத்தெட்டுன்னு எழுதிட்டு நிம்மதியா காபி குடிச்சேன் பாரு, அந்த ரெண்டு நாளும் அப்படித்தான் குடிச்சேன். இதை உன்கிட்ட நேர்ல சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு பத்து நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்து வந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?"ன்னுதான் வாயில வந்துச்சு.

நீ ரூம் பார்த்துட்டேன்னு சொன்ன அன்னைக்கு நான் ஆடின ஆட்டத்துக்கு வெக்கப்படுறேன். தனியா போய்ச் சாகப் போறியான்னு கேட்டேன். அப்பன் கேக்குற கேள்வியா அது? நீ சட்டையை மடிச்சுட்டே இருந்தே. கம்பெனிக்குப் பக்கம், பஸ்ல கூட்டத்துல இடிபட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கும் ஒரே பஸ்னு உங்க அம்மாதான் எனக்கு எடுத்துச் சொன்னா. எல்லாம் நியாயம்தான். நியாயமா இருந்தா வலிக்காதா?

இந்தப் பத்தொன்பது நாள்ல நான் ஒழுங்கா இருந்தேன்னு நினைக்காதே. தினம் உன் செல் நம்பரைச் சுத்தி, கடைசி நம்பருக்கு முன்னாடி போனை வச்சுடுறேன். போன வியாழக்கிழமை பஸ் ஏறி ஹெப்பகோடிக்கே வந்துட்டேன். உன் தெருமுனையில இருக்கிற பேக்கரியில ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிச்சேன். மாடியில உன் நீலச் சட்டை காஞ்சுட்டு இருந்துச்சு. துவைக்கத் தெம்பு இருக்குன்னு ஒரு சந்தோஷம், யாராவது துவைச்சுக் கொடுத்திருப்பாங்களோன்னு உடனே ஒரு சந்தேகம். நீ வர்றதுக்குள்ள திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்தா உங்க அம்மா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. சோத்தைப் போட்டா. அவ ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்த்துட்டு வர்றாளே, வந்து எதுவும் சொல்ல மாட்டா. நானும் கேக்க மாட்டேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன். அவ பையைக் கீழே வைக்கிற சத்தத்தை வச்சு நீ எப்படி இருக்கேன்னு கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். ரிட்டையர் ஆன ஆளுக்கு வேற என்ன வேலை?

எனக்கு எது நல்லதுன்னு தெரியும் கௌதமா. அதுதான் கொடுமை. ஒண்ணும் தெரியாதவனா இருந்திருந்தா பாசத்துல பண்ணினேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு, அப்பவும் கை கேக்கலை, இப்பவும் கேக்க மாட்டேங்குது. அம்பத்தெட்டு வயசுல மாறிடுவேன்னு உனக்கு எழுதிக் கொடுத்தா அது இன்னொரு பொய். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நீ நல்லா இருக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும், அதுக்காக நான் பண்ணக்கூடிய ஒரே வேலை, எதையும் பண்ணாம இருக்கிறதுதான்னு ஆயிடுச்சு. இந்த மாதிரி ஒரு தண்டனை யாருக்கும் வேண்டாம்.

அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீ மறுக்கக்கூடாது. காய்ச்சல் வந்தா எனக்குச் சொல்லாதே. டாக்டருக்குச் சொல்லு, அம்மாவுக்குச் சொல்லு, உன் பக்கத்து ரூம் பையனுக்குச் சொல்லு. எனக்கு மட்டும் வேண்டாம். எனக்குத் தெரிஞ்சுடுமோன்னு ஒரு நிமிஷம் கூட நீ யோசிக்கக் கூடாது. ஊசி போட்டு, காய்ச்சல் விட்டு, நீ இட்லி சாப்பிட்டதுக்கு அப்புறம் அம்மா சொன்னா போதும். அவ சொல்லாம விட்டாலும் சரி. நான் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியலை, என்னை எனக்குத் தெரியும். ஒரு நாள் இல்லை ஒரு நாள் கடைசி நம்பரையும் சுத்திடுவேன், சுத்தி, எப்படிடா இருக்கேன்னு கேட்டுடுவேன். அன்னைக்கு உன் உடம்பு கொதிச்சுட்டு இருந்தா, என்கிட்ட பொய் சொல்லு. நல்லா இருக்கேன்ப்பான்னு சொல்லு. நான் நம்பிடுறேன். சொல்லிட்டு போனை வச்சுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடு.

அப்பா